மீன் தொட்டியின் கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி, நன்றாகக் கழுவி, மணல் பரப்பி, தெளிந்த தண்ணீரை நிரப்பி, அதில் நான்கு தங்கமீன்களை விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவை சுறுசுறுப்பாக நீந்துகின்றன. ஐந்தாம் நாள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பத்தாம் நாளுக்குள் இரண்டு மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரோ அப்போதும் தெளிவாகவே இருக்கிறது! உடனே நாம் தொட்டியைக் காலி செய்து, மணலையும் வடிகட்டியையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பி, புது மீன் வாங்கி விடுகிறோம். மறுபடியும் அதே கதைதான் நடக்கிறது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மட்டுமல்ல, மீன் வளர்க்கும் எல்லா ஊர்களிலும் நடப்பது இது. குறை மீனிடத்திலும் இல்லை, கடையிலும் இல்லை. வடிகட்டி என்றால் என்ன என்பதை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதுதான் காரணம். டீ வடிகட்டியைப் போல் தூசியைப் பிடித்து நிறுத்தும் சல்லடை என்றே அதை எண்ணுகிறோம். அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிவியல் உலகம் கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் வீட்டுச் சின்னத் தொட்டிக்கு எந்த வடிகட்டி ஏற்றது என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. மீன் இதைப் பெரும்பாலும் செவுள்களின் வழியாக நீரில் விட்டுவிடுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா வருகிறது. குளத்திலோ ஏரியிலோ இது பெருநீரில் கலந்து மறைந்துவிடும். நாற்பது, ஐம்பது லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது?

அம்மோனியாவுக்கு நிறமில்லை. எனவே நஞ்சு கலந்த நீரும் பளிங்குபோல் தோன்றும். நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்து இந்த நஞ்சின் கடுமை மாறும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்குதான் மீனைத் தாக்கும் வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகிவிடும். அதாவது, ஒரே அளவு அம்மோனியா பத்து மடங்கு கொடியதாகிறது. எவ்வளவு நுண்ணிய சல்லடையாக இருந்தாலும், நீரில் கரைந்த பொருளை அது பிடித்து நிறுத்தாது. அப்படியானால் நன்றாக நடக்கும் தொட்டிகளில் அம்மோனியா எங்கே போகிறது?

1849: இரண்டு தங்கமீன்களும் சில நத்தைகளும்

இலண்டனில் மருந்து வணிகர் கழகத்தின் வேதியியல் அறிஞராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849-ஆம் ஆண்டு அவர் ஏறக்குறைய 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில் பாதியளவு ஊற்று நீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் சுண்ணாம்புக் கற்களும் இட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். நாடா போன்ற இலைகளை உடைய வாலிஸ்நீரியா என்ற நீர்ச்செடியையும் நட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும்; செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும். இதுவே அவர் எதிர்பார்த்தது.

எதிர்பார்த்தது நடந்தது, ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. அப்போது அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்று தீர்த்தன. நீரை மாற்றாமலே மீன்கள் உயிர் வாழ்ந்தன. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றின் கூட்டுறவை விளக்கி 1850 மார்ச் மாதத்தில் இலண்டன் வேதியியல் கழகத்தில் அவர் கட்டுரை படித்தார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் கூடம் திறக்கப்பட்டது. தொடர்ந்து இங்கிலாந்தின் வீடுகளெங்கும் கண்ணாடித் தொட்டிகள் பெருகின.

வாரிங்டனின் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. அவர் இட்ட மணலிலும் சேற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நான்காவது கூட்டாளிகள் குடியிருந்தனர். அக்காலத்தில் அவர்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1867-இல் வாரிங்டன் காலமானார்.

இருபது நாள் காத்திருந்த மணல்

அடுத்த காட்சி பிரான்சு நாட்டில். மாட்டுத் தொழுவ மண்ணில் வெடியுப்பு விளையும் என்பது பழங்காலத்திலிருந்தே பல நாட்டவருக்கும் தெரியும். வெடிமருந்துக்காக அதை எடுத்து வந்தார்கள். வெடியுப்பு என்பது நைட்ரேட்டு உப்பு. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா எவ்வாறு நைட்ரேட்டாக மாறுகிறது? மண்ணில் நடக்கும் வெறும் வேதிவினை என்றே பலரும் நினைத்தனர்.

ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1877-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள குழாயில் சுட்ட மணலையும் சுண்ணாம்புத் தூளையும் நிரப்பி, அதன்மேல் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. அதன்பின் கீழே வடிந்த நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றியது. வெறும் வேதிவினையானால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா?

பிறகு குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோயிற்று. ஆவியை நீக்கிய பிறகும் அது தானாக மீளவில்லை. நல்ல மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் சில நாட்களில் வேலை மறுபடி தொடங்கியது! மயக்க மருந்துக்குக் கட்டுப்படுவது உயிருள்ள பொருளாகத்தான் இருக்க முடியும். அம்மோனியாவை மாற்றுபவை நுண்ணுயிர்கள் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இந்தக் குழாயைக் கூர்ந்து எண்ணிப் பாருங்கள். மணல், மெல்ல இறங்கும் நீர், இடைவெளியில் காற்று, சில வாரக் காத்திருப்பு. நம் மீன் தொட்டியின் வடிகட்டி வேறொன்றும் அன்று, இதுவேதான்.

தந்தை விட்ட இடத்தில் மகன்

பிரெஞ்சு அறிஞர்களின் முடிவை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சோதித்து உறுதி செய்தவரின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மீன் தொட்டி வாரிங்டனின் மகன் அவர்! தந்தையின் தொட்டியில் மறைந்திருந்த கூட்டாளிகளை மகன் மண்ணில் தேடினார். தந்தையின் செடிகளுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. மகன் ஆராய்ந்த உயிர்களோ இருட்டில்தான் நன்றாக வேலை செய்தன.

இந்த மாற்றம் இரண்டு படிகளில், இரண்டு வேறு வகை உயிர்களால் நடக்கிறது என்பதையும் அவர் கண்டார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரேட்டு அவ்வளவு கெடுதலானதன்று.

ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மகன் வாரிங்டன் பட்ட பாடு எளிதில் பலிக்கவில்லை. வழக்கமாக நுண்ணுயிர் வளர்க்கும் கூழில் அவை வளர மறுத்தன. காரணத்தைக் கண்டவர் ஜூரிச் நகரில் பணியாற்றிய ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. கூழிலுள்ள உணவு இந்த உயிர்களுக்குத் தேவையில்லை. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, செடிகளைப் போலக் கரியமிலவாயுவிலிருந்தே அவை உடலை வளர்த்துக்கொள்கின்றன. 1890-இல் அவர் இவற்றைப் பிரித்தெடுத்தார்.

இத்தகைய கடினமான பிழைப்பு நடத்துவதால் இவை மெதுவாகவே பெருகும். சாதாரண பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகலாம். இவை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன்கள் மடிவதன் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா? வேலையாட்கள் போதிய அளவில் பெருகுவதற்கு முன்பே நாம் வேலையைக் குவித்துவிடுகிறோம்.

கசடைக் கொட்டாத இருவர்

மான்செஸ்டர் நகரில் சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தவர் கில்பர்ட் ஃபவுலர். 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்துக்குச் சென்ற அவர், சாக்கடை நீரில் காற்றைச் செலுத்தித் தெளிய வைக்கும் சோதனைகளைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு வேதியியலாரிடம் அதைச் செய்து பார்க்கச் சொன்னார்.

அவர்கள் சாக்கடை நீரைப் புட்டிகளில் எடுத்து, பாசி வளராதபடி பழுப்புக் காகிதத்தால் மூடி, காற்றைச் செலுத்தினார்கள். அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற ஐந்து வாரங்கள் ஆயின. வேறொருவராக இருந்தால் புட்டியைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போயிருப்பார். இவர்களோ தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த பழுப்புக் கசடை அப்படியே வைத்துக்கொண்டு புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். இப்படிப் பலமுறை செய்யச் செய்ய, ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது! அழுக்கு என்று எல்லாரும் நினைத்த கசடு முழுவதும் நுண்ணுயிர்க் கூட்டமாக இருந்தது. 1914 ஏப்ரல் 3-ஆம் நாள் இம்முடிவை வெளியிட்ட அவர்கள், அதற்கு 'உயிர்ப்பூட்டிய கசடு' என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். உலகின் பெரும்பாலான சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றும் இம்முறையில்தான் இயங்குகின்றன.

ஓசூருக்கு அருகில் ஓர் ஆய்வுக்கூடம்

அந்த ஃபவுலர் 1916-இல் நம் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். 1921-இல் அங்கு உயிர்வேதியியல் துறை தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றார். நம் நாட்டின் வெப்பத்தில் இந்த முறை எவ்வாறு இயங்கும் என்னும் ஆராய்ச்சி அங்கு வேரூன்றியது.

அதே கழகத்தைச் சேர்ந்த எஸ்.சி. பிள்ளை, வி. சுப்ரமண்யன் ஆகிய இருவரும் 1942-இல் 'நேச்சர்' இதழில் ஒரு புதிய செய்தியை வெளியிட்டார்கள். கசடில் பாக்டீரியா மட்டும் இல்லை. காம்பில் நிற்கும் மணி போன்ற ஒற்றைச் செல் உயிர்களும் உள்ளன. நீர் தெளிவடைவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்றார்கள். நீரில் தனித்துத் திரியும் பாக்டீரியாக்களை இவை பிடித்துத் தின்பதால் நீர் தெளிகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால், பழைய வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த நீரில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். காம்பு சட்டென்று சுருங்கி விரியும் அந்த மணிகளைக் காணும் வாய்ப்பு உண்டு.

மீன் தொட்டியே ஆய்வுப் பொருளாயிற்று

வினோகிராட்ஸ்கியோடு கதை முடிந்துவிட்டது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. அதைத் திருத்தி எழுதச் செய்தவை மீன் தொட்டிகளே! நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, பாடநூல் கூறிய நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2005-இல், சியாட்டில் நகர மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற தனி இன உயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் அம்மோனியாவை மாற்றியது. 2015-இல் நெதர்லாந்தில் மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து இரண்டு படிகளையும் ஒரே உயிர் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை கண்டறியப்பட்டது. மகன் வாரிங்டன் பிரித்துக் காட்டிய இரு படிகளையும் ஒன்றாகச் செய்யும் உயிர் அது.

சின்னத் தொட்டிக்கு எது ஏற்றது?

இந்த வரலாறு நமக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. வடிகட்டியில் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழப் பரப்பு வேண்டும். அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். அவற்றின் குடியிருப்பை நாம் கலைக்கக் கூடாது. இனி, 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள, சுமார் 50 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்போம்.

மணலடித் தட்டு வடிகட்டி: மணலுக்குக் கீழே துளையிட்ட தட்டு, காற்றுக் குழாய் நீரை மணல் வழியே கீழிழுக்கும். மணல் முழுதும் குடியிருப்பாகும் என்பது இதன் நன்மை. நாளடைவில் அடியில் கசடு அடைத்துக்கொள்ளும். துப்புரவு செய்வது தொல்லை. செடிகளை வேரூன்றி வளர்ப்பவர்களுக்கும் ஏற்றதன்று.

மின்விசை அட்டை வடிகட்டி: நீரை வேகமாக இறைத்து, பஞ்சு அட்டையின் வழியே செலுத்தும். தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மாதந்தோறும் அட்டையை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டச் சொல்வார்கள். அட்டையோடு வேலையாட்களையும் அல்லவா எறிகிறோம்? இதை வாங்கினால், அட்டைக்குப் பதிலாகக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தக்கூடிய கடற்பஞ்சுத் துண்டு ஒன்றை வெட்டிப் பொருத்துங்கள்.

மூடிய உருளை வடிகட்டி: தொட்டிக்கு வெளியே இருக்கும். பரப்பு மிகுதி, பெரிய தொட்டிகளுக்குச் சிறந்தது. மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் மூடிய உருளைக்குள் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் வாடும். 50 லிட்டருக்கு இது தேவைக்கு மேற்பட்ட செலவு.

பஞ்சு வடிகட்டி: நுண்துளைப் பஞ்சு உருளை ஒன்றும், சிறிய காற்று இறைப்பானும் போதும். காற்றுக் குமிழிகள் எழும்போது நீர் பஞ்சின் வழியே இழுக்கப்படுகிறது. பரப்பு, பிராணவாயு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. மின்சாரம் நின்றாலும் பஞ்சு திறந்த நீரில் இருப்பதால் உடனே மூச்சு முட்டாது. குஞ்சுகளை உறிஞ்சாது. விலையும் குறைவு. சின்னத் தொட்டிக்கு என் பரிந்துரை இதுவே. காற்று இறைப்பானைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி இறைப்பானைக் கெடுக்கும்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் பிராணவாயு செலவாகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கக்கூடியதோ சுமார் 8 மில்லிகிராம்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் அது இன்னும் சற்றுக் குறைவு.

நம் ஊர்த் தண்ணீர்

வடிகட்டியைத் தேர்ந்தால் மட்டும் போதாது. நீரையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. இது நம் துப்புரவாளர்களுக்கு ஒரு வகையில் நல்லதே. அவர்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. கடின நீரிலுள்ள கார்பனேட்டு உப்புகள் அதைச் சமன் செய்கின்றன. பிரெஞ்சுக் குழாயிலும் சுண்ணாம்புத் தூள் இருந்ததை நினைத்துப் பாருங்கள். ஆனால் இத்தகைய நீரில் பி.எச். உயர்ந்திருந்தால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். எனவே மீன் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும். குடிநீருக்காக ஆர்.ஓ. கருவியில் உப்பு நீக்கிய நீரை மட்டும் தொட்டிக்கு ஊற்றுவோர் உண்டு. அதில் சமன் செய்யும் உப்பு இராது, பி.எச். சரிந்து நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடலாம்.

நிலத்தடி நீரிலுள்ள மிகையான ஃபுளோரைடுக்குத் தீர்வாக, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் வரும் குடிநீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று குளோரின் பார்ப்பதில்லை. ஆகவே குழாய் நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு முழு நாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். அவசரமானால் மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் பயன்படுத்தலாம்.

பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும்; மான்செஸ்டர் புட்டிகளின் அடியில் இருந்ததும் அந்தப் பழுப்புதான். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால், சேரும் நைட்ரேட்டு வெளியேறிவிடும்.

புதுத் தொட்டி தொடங்குவோர், நன்றாக நடக்கும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து பழைய பஞ்சைக் கேட்டு வாங்கிப் பிழிந்து விடுங்கள். ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் மண் கரைத்த நீரை ஊற்றியது இதற்கு ஒப்பானதே. அத்தகைய நண்பர் இல்லையென்றால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுமை தேவை. ஓசூரின் மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் கூடலாம். முதலில் ஓரிரு மீன்கள், கொஞ்சமாகத் தீவனம், அடிக்கடி நீர் மாற்றம். மாணவர்கள் சோதனைச் சொட்டு மருந்து கொண்டு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போடுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். முதல் இரண்டும் இறங்கிச் சுழிக்கு வந்த பிறகே மற்ற மீன்களை விடலாம்.

தொட்டியிலிருந்து ஆற்றுக்கு

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தைக் கடந்து ஓசூர் அருகே தமிழகத்தில் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையையும் பிறகு கிருஷ்ணகிரி அணையையும் நிரப்புகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு நீரும் இந்த ஆற்றையே வந்தடைகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கும் காட்சியைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூளும் சாக்கடைக் கழிவும் கலந்ததன் விளைவு அது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது. கழிவோடு கரைந்து வரும் அம்மோனியா தெரிவதில்லை. நுரை அடங்கித் தெளிந்த பிறகும், அந்த நீர் மீனுக்கும் பயிருக்கும் ஏற்றதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இதற்குத் தேவையான அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. ஃபவுலரும் பிள்ளையும் சுப்ரமண்யனும் பணியாற்றிய நகரமே இந்த ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. தேவைப்படுவது போதிய சுத்திகரிப்புத் தொட்டிகளும், அவற்றில் இடைவிடாத காற்றும், கசடைக் காத்துத் திருப்பி விடும் கவனமும். வாய்ப்புக் கிடைத்தால் ஆசிரியரின் துணையோடு ஒரு சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தைப் போய்ப் பாருங்கள். குமிழி விடும் குளமும், அடியில் படியும் பழுப்புக் கசடும், அதை மீண்டும் முதல் தொட்டிக்கு அனுப்பும் குழாயும் அங்கே இருக்கும். வீட்டில் பஞ்சு வடிகட்டி வைத்திருப்பவருக்கு அவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.